சுருங்கும் இதயம் சரிவர விரிகிறதா?

இரத்த அழுத்தத்திற்கு நெடுங்காலமாக மாத்திரை உட்கொள்பவர் தங்கள் இல்லத்திலும் இருக்கலாம். மாடிப்படி ஏறுகையில் பாதியில் நின்று அவர் மூச்சு வாங்குகிறாரா? "வயதாகிறது" என்று அவர் சொல்ல, தாங்களும் அதை ஏற்றுக்கொண்டு விட்டீர்களா? அப்படியாயின் சற்றுப் பொறுமையுடன் இதைப் படியுங்கள்.

என் பெரிய மாமாவுக்கு இருபது ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. பள்ளிவாசலுக்குச் செல்லும் சிறிய தெருவில் இரண்டு இடங்களில் நிற்கத் தொடங்கினார். கேட்டால், "வயசாகுதில்லே, மருமகனே!" என்பார். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. வற்புறுத்தி எக்கோ எடுக்கச் செய்தோம். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் 60 சதவீதத்தை வெளியேற்றுகிறது என்று வந்தது. அது நல்ல அளவு என்று கேட்டதும் மாமி அன்று பாயசமே காய்ச்சிவிட்டார். அறிக்கையின் அடியிலிருந்த இரண்டு வரிகளை எவரும் பொருட்படுத்தவில்லை: கீழறைச் சுவரின் தடிப்பு 13 மில்லிமீட்டர், விரிவடைவதில் முதல் நிலைக் குறைபாடு. கலைப் பட்டதாரியான எனக்கும் அது விளங்கவில்லை. புரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள் என்று மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்பவன், அறிக்கையுடன் மருத்துவரிடம் போய் நின்றேன்.

அவர் விளக்கியதன் சாரம் இது. மூட்டை சுமப்பவரின் தோளில் காய்ப்பு ஏறுவதுபோல, உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து ஓயாது உழைக்கும் இதயத்தின் சுவர் தடித்து விறைக்கிறது. சுருங்கும் ஆற்றல் அதற்கு அப்படியே இருக்கும். தளர்ந்து விரிந்து இரத்தத்தை ஏற்றுக்கொள்ளும் ஆற்றலே முதலில் குன்றும். காய்ந்துபோன தோற்பையில் நீர் நிரப்பிப் பாருங்கள், விளங்கும். நோய் முற்றும்போது இரத்தம் இடது மேலறையிலும், அதற்குப் பின்னே நுரையீரலிலும் தேங்கி அழுத்தும். படியேறும்போது வரும் மூச்சிரைப்பு இதன் தொடக்கமாக இருக்கக்கூடும். இதயச் செயலிழப்புக்கு ஆளானோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்தச் சதவீதக் கணக்கு நல்ல நிலையிலேயே இருக்கிறது என்று அவர் சொன்னபோது, அன்று காய்ச்சிய பாயசம் நினைவுக்கு வந்தது.

ஈ.சி.ஜி. சரியாக இருப்பதால் சுவர் தடிக்கவில்லை என்று முடிவுகட்ட இயலாது. எக்கோவில் சுவரின் தடிப்பையும், இடது மேலறையின் பருமனையும் அளக்கலாம். டாப்ளர் முறையில், இதயத் தசை தளரும் வேகத்தை வினாடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கிடலாம். ஸ்ட்ரெய்ன் எனப்படும் புதிய முறை இன்னும் நுட்பமானது. இதயத் தசை நீளவாட்டில் எவ்வளவு குறுகுகிறது என்பதை அது அளக்கிறது; நலமான இதயத்தில் இது சுமார் 20 சதவீதம். வெளியேற்றும் கணக்கு குறையாதபோதே இந்த எண் குறைந்துவிடுவதுண்டு. இவற்றோடு, தசை இழுபடும்போது இதயம் சுரக்கும் பி.என்.பி. என்ற பொருளை இரத்தத்தில் சோதிப்பதும் உண்டு. ஆனால் உடல் பருத்தவர்களுக்கு அது குறைவாகவே காட்டும் என்பதால், அதை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் வேண்டியதில்லை. எது தேவை என்பதை மருத்துவர் சொல்லட்டும், "சுருங்குவது சரி, விரிவது எப்படி இருக்கிறது?" என்று தாங்கள் கேளுங்கள்.

அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கிய ஆய்வின் கணக்கொன்று 1996இல் வெளியானது. இதயச் செயலிழப்புக்கு ஆளானோரில் 91 சதவீதத்தினருக்கு அதற்கு முன்பே இரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. 2015இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வோ, மேல் அழுத்தத்தை 140க்குப் பதிலாக 120க்குக் கீழே கொண்டுவர முயன்றபோது செயலிழப்பு 38 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. அவ்வளவு இறக்குவது சிலருக்குத் தலைசுற்றலையும் சிறுநீரகத் தொல்லையையும் தரும்; ஆகவே மாத்திரையின் அளவைத் தாமே கூட்டிக்கொள்ள வேண்டாம்.

மாமாவுக்கு மருந்து மாற்றப்பட்டது. மாமி கருவாட்டையும் ஊறுகாயையும் ஒதுக்கி வைத்தார். மறு ஆண்டு எக்கோவில் சுவரின் தடிப்பு 12 மில்லிமீட்டர். அறிக்கையை என் கையிலிருந்து வாங்கிய மாமா, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அடியிலிருந்த வரிகளையே முதலில் தேடினார்.