கூண்டா, துப்பாக்கியா?

பாபநாசம் மலையடிவாரச் சிற்றூர்களில், ஆட்டுக் கொட்டிலைச் சாத்திய பின்னும் பலருக்கு உறக்கம் வருவதில்லை. காரணம், சிறுத்தை.

“நாலு பேர் துப்பாக்கியுடன் புறப்பட்டால் ஓரிரவில் தீர்த்துவிடலாமே!” என்பீர்கள். முற்காலத்தில் பரண் அமைத்து அவ்வாறே சுட்டனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்துவிட்டது. குண்டடிபட்டுத் தப்பிய சிறுத்தை, முன்னிலும் கொடிது என்பதையும் மறந்துவிடலாகாது. இன்று வனத்துறையினரின் சிறு குழு கூண்டு வைத்துக் காத்திருக்கிறது. 2024 மே மாதம் வேம்பையாபுரத்தில் சிறுத்தை சிக்கியது அவ்வாறுதான்.

ஆட்டை இழந்த ஏழையின் கண்ணீர் பொய்யன்று. அவருக்கு உரிய இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். ஆயினும், 1988இல் புலிகள் காப்பகமான களக்காடு–முண்டந்துறைக் காடுகளே நம் தாமிரபரணிக்கு நீரூட்டுகின்றன. சிறுத்தையும் அக்காட்டின் காவலாளியே. எனவே கொட்டிலை வலுவாக்குங்கள். தடம் கண்டால் வனத்துறைக்கு உடனே தெரிவியுங்கள்.