நமக்காகப் பேச ஒருவர்

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் நாமே சொல்கிறோம். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று சொல்கிறோம். ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்றும் சொல்கிறோம். மனநோய் வந்தவரால் சில சமயம் இப்படிச் சொல்ல முடிவதில்லை. அவர் சொன்னாலும் பலர் காது கொடுப்பதில்லை. அப்போது அவருக்காக யார் பேசுவது?

பேச ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. அங்கே இருந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்தது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநோய் உள்ள யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது இந்தச் சட்டம்.

“அவனுக்கு என்ன தெரியும்?” என்று சொல்லி யாரையும் ஒதுக்கவும் கூடாது. சிகிச்சை பற்றிச் சொல்வது அவருக்குப் புரிகிறதா? அதனால் என்ன ஆகும் என்று தெரிகிறதா? தன் முடிவைப் பேச்சிலோ சைகையிலோ சொல்கிறாரா? அப்படியானால் முடிவு அவருடையதே. அந்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றலாம். அதை மட்டும் வைத்து அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது.

பிரதிநிதியை நியமிப்பது எப்படி?

18 வயது நிறைந்த யாரும் தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். கையெழுத்துப் போடலாம். கைநாட்டும் செல்லும். பிரதிநிதியும் தன் சம்மதத்தை எழுதித் தர வேண்டும். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. நம்பிக்கையான தோழியாகவும் இருக்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் எப்போதும் மாற்றலாம்.

யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர் பிரதிநிதி ஆவார். அவரும் இல்லை என்றால் பராமரிப்பவர் ஆவார். ஒருவருமே இல்லாதவருக்கும் பிரதிநிதி உண்டு. மனநல மறுஆய்வு வாரியம் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பிரதிநிதியின் வேலை என்ன?

நோயாளி என்ன விரும்பினார், எப்படி வாழ்ந்தார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் முடிவெடுக்க உதவ வேண்டும். என்ன நோய், என்ன சிகிச்சை என்று மருத்துவரிடம் கேட்கலாம். உரிமை பறிபோனால் வாரியத்திடம் புகார் செய்யலாம். நோயாளியின் நிலம், வீடு, பணத்தில் இவருக்கு அதிகாரம் இல்லை.

முடிவெடுக்க இயலாதவரைப் பிரதிநிதி கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவமனையில் சேர்க்கலாம். ஆனால் மருத்துவமனை அதை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெண் என்றால் 3 நாட்களுக்குள், ஆண் என்றால் 7 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பிரதிநிதியே சரியாக நடக்கவில்லை என்றால், வாரியம் அவரை மாற்றலாம்.

மனநோயாளிக்கு வழக்கறிஞரின் உதவி இலவசமாகக் கிடைக்கும். 15100 என்ற தொலைபேசி எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

மனநோய் யாருக்கும் வரலாம். நன்றாக இருக்கும்போதே நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பெயரை எழுதுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.