கணக்கெடுப்பில் இல்லாத குடாநாடு

இலங்கையில் எத்தனை பேருக்கு நீரிழிவு என்று கேட்டால், நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த விடை ஒன்றுண்டு: பத்துப் பேரில் ஒருவருக்கு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிரசாத் கட்டுலந்தவும் அவருடைய குழுவும் 2005-06இல் ஊர் ஊராகப் போய் இரத்தம் சோதித்து, 2008இல் வெளியிட்ட கணக்கு அது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதம், நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு அந்தச் சோதனையில்தான் விஷயமே தெரியவந்தது. நல்ல ஆய்வு. ஆனால் ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் அதை நடத்த முடிந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. ‘பத்தில் ஒருவர்’ என்று நாம் மேடைக்கு மேடை சொல்லிவந்த கணக்கில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு துளி இரத்தம்கூட இல்லை.

இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று விட்டுவிட முடியாது. சீனி வருத்தம் கிருமியால் வருவதல்ல. என்ன தின்றோம், எவ்வளவு உடம்பை வளைத்தோம், யாருக்குப் பிறந்தோம், தாய் வயிற்றில் இருந்தபோது அவள் என்ன தின்றாள் என்று எல்லாமாகச் சேர்ந்து வருவது. இந்த எல்லாவற்றிலும் குடாநாட்டின் கதை கொஞ்சம் வேறு.

அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தலையில் விழுந்தது. 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் அது. அதன் உயிர் இரசாயனத் துறையில் பேராசிரியர் வசந்தி அரசரட்ணமும் (பின்னர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர்) உடன் ஆய்வாளர்களும், யாழ். மாவட்டத்தின் வயதுவந்தவர்களிடையே நீரிழிவு எவ்வளவு, அது எவற்றோடு சேர்ந்து வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். முடிவு 2015இல் சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. அதே துறையில் அதற்கு முன்பே தொடங்கிய இன்னொரு வேலை, என் கண்ணில், அதைவிடச் சுவையானது. எங்கள் அடுப்படிச் சாப்பாட்டை ஒவ்வொன்றாக எடுத்து, உடம்புக்குள் போய் அது என்ன செய்கிறது என்று பார்த்தார்கள்.

இதற்கான அளவுகோல் கனடாவில் பிறந்தது. டொரொன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் 1981இல் கொண்டுவந்த ‘கிளைசீமிக் சுட்டெண்’. செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஏறத்தாழப் பத்துத் தொண்டர்கள் இரவு முழுதும் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டுக் காலையில் வருவார்கள். விரல் நுனியில் குத்தி முதல் இரத்தம் எடுத்த பின் சாப்பாடு. வயிறு நிறைய இல்லை. 50 கிராம் மாச்சத்து இருக்கும் அளவுக்கு நிறுத்துக் கொடுப்பார்கள். பிறகு கால் மணிக்கு ஒருமுறையும், போகப் போக அரை மணிக்கு ஒருமுறையுமாக இரண்டு மணிநேரம் வரை மறுபடி மறுபடி விரலில் குத்து. சீனி ஏறி இறங்கும் கோட்டை வரைந்து, அதன் கீழ் அடங்கும் பரப்பை எடுப்பார்கள். அதே ஆட்கள் இன்னொரு நாள் அதே அளவு குளுக்கோஸ் கரைத்துக் குடித்தபோது வந்த பரப்பை நூறு என்று வைத்து, இது அதில் எத்தனை பங்கு என்று கணிப்பார்கள். 55க்குள் நின்றால் மெதுவாக ஏற்றும் உணவு. 70ஐத் தொட்டால் விறுவிறுவென்று ஏற்றும் உணவு.

உலக அட்டவணைகளில் ஓட்ஸுக்கும் பார்லிக்கும் அப்பிளுக்கும் எண் உண்டு. கிளினிக்குக்கு வரும் எங்கள் ஆச்சி சொல்வதோ வேறு: “இரவில சோறு தொடுறேல்ல டொக்டர், பிட்டு மட்டும்தான்.” சோற்றை விட்டதால் தப்பித்தோம் என்று அவருக்கு நினைப்பு. எந்த மாப் பிட்டு? குத்தரிசி மாவா, குரக்கனா, அவித்த கோதுமை மாவா? எவ்வளவு தேங்காய்ப்பூ? பக்கத்தில் என்ன கறி? விடை இதைப் பொறுத்து மாறும். மா எவ்வளவு நைசாக அரைபடுகிறதோ அவ்வளவு விரைவில் குடலின் நொதியங்கள் அதைப் பிரித்துவிடும். நெல்லைப் புழுக்கிக் காயவைக்கும்போது மாச்சத்தின் ஒரு பகுதி இறுகி, சீரணத்துக்கு எளிதில் மசியாமல் போகிறது. பருப்பும் கீரையும் சேர்ந்தால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். யாழ்ப்பாண ஆய்வாளர்கள் தனிச் சோற்றை மட்டும் பார்க்காமல் கறியோடு சேர்த்துச் சோதித்து 2010இல் எழுதியது இதனால்தான். வெறும் சோறு யார் வீட்டிலும் சாப்பாடு இல்லையே. வடக்கின் பாரம்பரிய உணவுகளைப் பற்றிய அவர்களது தனிக் கட்டுரையும் பின்னர் வந்தது.

சுட்டெண்ணைத் தெய்வ வாக்காக எடுப்பவர்களும் உண்டு. அது வேகத்தை மட்டும் சொல்லும், அளவைச் சொல்லாது. எண் குறைந்த சாப்பாட்டையும் கோப்பை நிறையப் போட்டால் சீனி ஏறத்தான் செய்யும்.

பனையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ‘பனங்கட்டி சீனியை ஏத்தாது’ என்ற நம்பிக்கை குடாநாட்டில் வேரோடியது; சலரோகம் உள்ளவர்களே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பதைப் பார்க்கலாம். கருப்பநீரைக் காய்ச்சி வருவது பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது கடைச் சீனியில் இருப்பதேதான். கொஞ்சம் தாதுப்பொருள் கூட இருக்கும். இரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பனையில் உண்மையாகவே ஆராயத்தக்க பொருள் பனம்பழக் களியின் கைப்பில் இருக்கிறது. ஃபிளபெலிஃபெரின் என்ற சபோனின்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் ஈ. ஆர். ஜான்ஸின் குழுவினர் அவற்றைப் பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்தபோது, குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவது குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், நாங்கள் தேடித் தின்பது கைப்பில்லாத இனிப்புப் பழத்தை! எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியும் நீளம். இதைப் படித்துவிட்டு யாரும் பனாட்டை மருந்தாக்க வேண்டாம்.

அடுத்தது உடம்பு. ‘அவர் மெலிஞ்ச மனிசன், அவருக்கெப்படிச் சீனி?’ என்று செத்தவீட்டில்கூடக் கேட்பார்கள். இதற்கு 2004இல் லான்செட் இதழில் இரண்டு வைத்தியர்கள் தங்களையே சான்றாக வைத்து விடை சொன்னார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த யட்கின். உயரத்துக்கு ஏற்ற நிறையைச் சொல்லும் உடல் நிறைச் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு 9.1 வீதம், யாக்னிக்குக்கு 21.2. தெற்காசிய உடம்பு தசையைக் குறைவாகவும் கொழுப்பைக் கூடுதலாகவும் வைத்திருக்கிறது; அதையும் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றித்தான் சேர்க்கிறது. சாப்பிட்டபின் குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும் பெரிய இடம் தசை. அது சிறுத்து ஈரலில் கொழுப்பு படிந்தால் இன்சுலின் எவ்வளவு சுரந்தும் போதாது. தராசைவிட அளவுநாடா எங்களுக்கு உண்மையைச் சொல்வது இதனால்தான்: இடுப்பு ஆணுக்கு 90 சென்றிமீற்றர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால், பார்வைக்கு மெலிவாக இருந்தாலும், இரத்தம் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இனி, குடாநாடு மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விக்கு வருவோம்: தட்டுப்பாட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் உடம்புக்குப் பிறகு என்ன ஆகிறது?

யுத்தத்தால் 1990இலிருந்து குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மற்ற எல்லாரும் சைக்கிளில். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் காற்றெதிரே மிதித்த ஒரு சமூகம். சீனியும் மாவும் தட்டுப்பாடு. 1995 ஒக்டோபர் 30இல் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுதும் இடம்பெயர்ந்தது. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு தெற்கிலிருந்து கண்டி வீதி வழியாக எல்லாம் வந்தது: தவணைக் கட்டணத்தில் மோட்டார் சைக்கிள், சந்திக்குச் சந்தி கொத்துரொட்டிக் கடை, இனிப்புச் சோடா.

இதேபோல ஒன்று கியூபாவில் நடந்தது. சோவியத் ஒன்றியம் விழுந்ததும் எண்ணெய் நின்றது, உணவு குறைந்தது, அரசு பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களை இறக்கிக் கொடுத்தது. சியன்ஃபுவேகோஸ் நகரில் தொடர்ந்து நிறை பார்த்தவர்கள் இருந்தார்கள். சனங்கள் சராசரி 5.5 கிலோ மெலிந்தார்கள். நீரிழிவாலும் இருதய நோயாலும் இறப்பவர்கள் குறைந்தார்கள். நிலைமை சீரானதும் நிறை திரும்பியது, நோயும் கூடவே திரும்பியது. 2013இல் இது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. இதை வைத்துப் பஞ்சத்தைப் புகழ ஆரம்பிப்பவர்களிடம், அதே காலத்தில் கியூபர்கள் பலருக்குச் சத்துக்குறைவால் கண் நரம்பு பாதிக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும்.

அது வளர்ந்தவர்களின் கதை. கருவில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதில் உலகச் சான்றுகளே இருவேறு பக்கம் இழுக்கின்றன. 1944-45 பனிக்காலத்தில் நெதர்லாந்தை ஜெர்மானியர் பட்டினி போட்டபோது வயிற்றில் இருந்த பிள்ளைகள், ஐம்பது வயதில் குளுக்கோஸைக் கையாள மற்றவர்களைவிடத் தடுமாறினார்கள். பட்டினியில் உருவான உடம்பு சிக்கனத்துக்குப் பழகிப் பிறகு தாராளத்தில் தோற்றுப்போகிறது என்பது விளக்கம். பிரித்தானியாவிலோ யுத்தம் முடிந்தும் சீனிப் பங்கீடு 1953 செப்டெம்பர் வரை நீடித்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் அந்தப் பங்கீட்டில் வளர்ந்தவர்களுக்கு, பிறகு பிறந்தவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு ஏறக்குறைய 35 வீதம் குறைவு என்று 2024இல் சயன்ஸ் இதழ் ஆய்வு காட்டியது. அங்கே குறைந்தது முக்கியமாகச் சீனி, வயிறு காயவில்லை.

1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சீனியும் குறைந்தது, சில வீடுகளில் வயிறும் காய்ந்தது. எது வென்றது? அவர்கள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். தெற்காசியர்களுக்கு நீரிழிவு தலைகாட்டத் தொடங்கும் வயது அது. 2018-19இல் நாடு முழுவதும் எடுத்த புதிய கணக்கில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு என்று தெரிந்தாயிற்று. ‘பத்தில் ஒருவர்’ பழைய கதை. இந்த நோய் தடுக்க முடியாததும் அல்ல. சென்னையில் ராமச்சந்திரன் குழு 2006இல் காட்டியது: நீரிழிவின் வாசலில் நின்றவர்களை அப்படியே விட்டால் மூன்று வருடத்தில் 55 வீதமானோர் நோயாளியானார்கள், நடையும் உணவுக் கட்டுப்பாடும் பழக்கியவர்களில் 39.3 வீதம். மாத்திரை கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான்.

எனக்குத் தோன்றுவது இது. பிறந்த நிறை எழுதிய பிள்ளையின் கிளினிக் அட்டையை, இடம்பெயர்ந்தபோதும் காணி உறுதியோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு ஓடிய தாய்மார் இங்கே உண்டு. அந்தப் பிள்ளைகளில் பெண்கள் இன்று தாங்களே கர்ப்பிணிகளாகக் கிளினிக்கில் குளுக்கோஸ் குடித்து இரத்தம் கொடுக்கிறார்கள். தாய் காத்துவைத்த பழைய அட்டையில் ஓர் எண், மகளின் புதிய அட்டையில் ஓர் எண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கோடிக் கணக்கில் காசு வேண்டாம். ஒரு பட்டப்பின்படிப்பு மாணவரும், வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களும், அட்டைகளைக் கரையான் அரிப்பதற்கு முன் இரண்டு மூன்று வருடமும் போதும்.