காதில் வைத்துப் பார்த்து வாங்கும் கண்காட்சி: சில்லறைக் கடைக்கு அதில் என்ன பாடம்?

மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த அரிசியை உள்ளங்கையில் வாங்கி, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல் எந்த மளிகை வியாபாரியும் விலை பேசுவதில்லை. புளியைப் பிட்டுப் பார்க்கிறோம். தேயிலையை முகர்ந்து பார்க்கிறோம். பெருங்காயத்தை நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். மாதிரி பார்க்காமல் கொள்முதல் இல்லை என்பது நம் தொழிலின் முதல் பாடம். ஆனால், இதே கடையின் முன்புறம் கொக்கியில் தொங்கும் இயர்போன் விஷயத்தில் மட்டும் நாம் இந்தப் பாடத்தை மறந்து விடுகிறோம். வாடிக்கையாளர் கேட்கிறார், பாக்கெட்டைக் கழற்றிக் கொடுக்கிறோம், காசை வாங்கிக் கல்லாவில் போடுகிறோம். மறுநாள் காலை, "ஒரு பக்கம் கேக்கல அண்ணாச்சி" என்று அவர் திரும்பி வந்து நிற்கிறார்.

இராயபுரம் கல்மண்டபத்திலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, கத்திவாக்கம், எண்ணூர் வரை இன்று ரீசார்ஜ், சார்ஜர், இயர்போன் வைக்காத சிறு கடைகளைக் காண்பது அரிது. வாங்குவோர் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி, துறைமுக வரிசையில் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர், காசிமேட்டு மீனவ இளைஞர், கல்லூரி மாணவர் ஆகியோர். சரக்கு சிறியது, இடம் அடைக்காது, கெட்டுப் போகாது. ஆனால் திரும்பி வரும். இந்த வியாபாரத்தைச் செம்மையாகச் செய்ய, இதே பொருளுக்கென்றே உலகில் நடக்கும் கண்காட்சிகளைப் பற்றி நம் வணிகர்கள் அறிந்து கொள்வது பயன் தரும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

கண்காட்சி என்பது என்ன?

ஹெட்போன் ஆர்வலர்களுக்காக 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது 'ஹெட்-ஃபை' என்ற அமைப்பு. இது நடத்தும் கண்காட்சிக்குக் 'கேன்ஜாம்' என்று பெயர். நமக்குப் பக்கத்தில், நம்மவர்கள் வியாபாரத்திற்காக அடிக்கடி போய் வரும் சிங்கப்பூரிலும் 2016 முதல் இது நடந்து வருகிறது. கொரோனா காலத்தில் மட்டும் இடைவெளி ஏற்பட்டது. நட்சத்திர ஓட்டலின் கூடங்களில் சனி, ஞாயிறு இரண்டு நாள் நடக்கும். நுழைவுச் சீட்டு உண்டு. ஜப்பானிலும் இது போன்ற ஹெட்போன் விழாக்கள் நடக்கின்றன.

நாம் அறிந்த பொருட்காட்சிகளில் ஒலிபெருக்கி அலறும், விற்பனையாளர் கூவி அழைப்பார். இங்கே அப்படி இல்லை. நீண்ட மேசைகளில் ஹெட்போன்கள் திறந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கும். வருபவர் நாற்காலியில் அமர்ந்து, தம்முடைய போனையோ பாட்டுக் கருவியையோ இணைத்து, தமக்கு நன்கு பழகிய பாட்டைப் போட்டுக் கேட்பார். எதிரே நிற்கும் கம்பெனிக்காரர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கேட்டு முடித்தவர் கழற்றி வைத்துவிட்டு ஏதாவது கேட்டால்தான் பதில் சொல்வார். பொருளைச் செய்த பொறியாளரே மேசைக்குப் பின்னால் நிற்பதும் உண்டு. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் இயர்போன் முதல் பல லட்சம் ரூபாய் ஹெட்போன் வரை எல்லாவற்றையும் காதில் வைத்துப் பார்க்கலாம். 2015-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் அறிவித்த ஹெச்.ஈ.-1 என்ற ஹெட்போன் தொகுதியின் விலை சுமார் 50,000 யூரோ. அத்தகைய பொருளையும் முன்கூட்டி நேரம் வாங்கிக் கொண்டு கேட்டுப் பார்க்க விடுகிறார்கள். கேட்பவர்களில் நூற்றில் ஒருவர்கூட அதனை வாங்கப் போவதில்லை என்பது விற்பவருக்கும் தெரியும். ஆனாலும், கேட்டுச் சென்றவர் நாலு பேரிடம் சொல்வார் என்பதும் அவருக்குத் தெரியும்.

கண்காட்சியில் பிறந்த வியாபாரம்

இன்று நாம் விற்கும் ஸ்டீரியோ ஹெட்போன் வியாபாரமே ஒரு கண்காட்சியில்தான் சூடு பிடித்தது என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் என்பவர் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாடகைக்கு விட்டு வந்தார். 1958-இல் அவ்வூரில் நடந்த ஒலிக் கருவிகள் கண்காட்சிக்குக் கையில் தூக்கிச் செல்லும் இசைத்தட்டுக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு போனார். தனியாகக் கேட்பதற்காக அத்துடன் ஒரு ஹெட்போனையும் இணைத்திருந்தார். வந்தவர்கள் இசைத்தட்டுக் கருவியை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. காதில் மாட்டிக் கேட்ட ஹெட்போனைத்தான் கேட்டார்கள். காஸ் உடனே தம் வியாபாரத்தை அந்தப் பக்கம் திருப்பினார். வாடிக்கையாளர் கையில் பொருளைக் கொடுத்தால், எதை விற்க வேண்டும் என்பதை அவரே சொல்லி விடுவார் என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்து ஜப்பான். 1979 ஜூலை 1-ஆம் தேதி சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது. விலை 33,000 யென். முதலில் 30,000 கருவிகள் தயாரித்தார்கள். முதல் மாதம் விற்றது சுமார் 3,000 மட்டுமே. நிறுவனத்தார் சோர்ந்து விடவில்லை. டோக்கியோ வீதிகளில் இளைஞர்களை வாக்மேனுடன் நடக்க விட்டு, எதிரே வருவோரின் காதில் வைத்துக் கேட்கச் செய்தார்கள். ஆகஸ்டு முடிவதற்குள் சரக்கு தீர்ந்து விட்டது. எத்தனை விளம்பரம் செய்தாலும் காதில் வைத்துக் கேட்டதற்கு ஈடாகாது.

நம் ஊர் அனுபவம்

இந்த வழக்கம் நமக்கு அன்னியமானது அல்ல. பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் துறைமுகத்தை ஒட்டி, இன்றைய ராஜாஜி சாலையில் பர்மா பஜார் உருவானது. எண்பதுகளில் வாக்மேன் என்றாலே சென்னைவாசிகள் அங்குதான் போவார்கள். பில்லும் இல்லை, கியாரண்டியும் இல்லை. எனவே வாங்குபவர் பேட்டரி போட்டு, கேசட் போட்டு, இரண்டு காதிலும் கேட்ட பிறகுதான் பணத்தை எடுப்பார். கேட்டுப் பார்த்ததே கியாரண்டி. பில் இல்லாத வியாபாரத்தை நாம் இங்கே பரிந்துரைக்கவில்லை. கேட்க விட்டு விற்ற அந்த முறையைத்தான் நினைவூட்டுகிறோம்.

பின்னாளில் பொருளாதாரம் தாராளமாகி வெளிநாட்டுச் சரக்கு எங்கும் கிடைக்கத் தொடங்கியது. அதன் பின் ஆன்லைன் வியாபாரம் வந்தது. ஹெட்போனுக்கென்றே தனியாக ஆன்லைன் வியாபாரம் நடத்தும் 'ஹெட்போன் ஜோன்' என்ற நிறுவனமும் 2011-இல் நம் சென்னையில் தொடங்கப்பட்டதுதான். விலையில் ஆன்லைனோடு மல்லுக்கட்ட நம்மால் முடியாது. ஆனால் நம் கடைக்கு எதிரே நிற்கும் வாடிக்கையாளரின் காது ஆன்லைன்காரரிடம் இல்லை. அது நம்மிடம்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணமாக, ரூ.110-க்கு வாங்கி ரூ.160-க்கு விற்கும் இயர்போன் என்று வைத்துக் கொள்வோம். லாபம் ரூ.50. இருபது விற்றால் ரூ.1,000. அதில் நான்கு திரும்பி வந்து, மொத்த வியாபாரி மாற்றித் தர மறுத்தால் ரூ.440 போய் விடும். பாதி லாபம் காலி. கெட்ட பெயர் தனி. ஒரே ஒரு பீஸைப் பிரித்து மாதிரியாகக் கடை முன் வைத்தால் அதற்கு ஆகும் செலவு ரூ.110, அதாவது இரண்டு பீஸ் விற்ற லாபம். விற்கும் பீஸையும் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே ஒரு நிமிடம் சோதித்துக் கொடுத்தால், திரும்பி வரும் நான்கில் இரண்டு குறைந்தாலே போட்ட முதல் அந்த இருபதிலேயே வந்து விடும்.

கடையில் செய்ய வேண்டியவை

1. வந்தவரிடம் முதலில் போனை வாங்கிப் பாருங்கள். சாதாரண 3.5 மில்லிமீட்டர் உருண்டை பின்னா, டைப்-சி பின்னா என்று தெரிந்து கொள்ளுங்கள். 2016-இல் ஐபோன்-7 உருண்டைத் துளையை நீக்கியது முதல் பல போன்களில் அது இல்லை. தவறான பின் கொடுப்பதைத் தொடக்கத்திலேயே தவிர்த்து விடலாம்.

2. மாதிரியை அவருடைய போனில், அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டே கேட்க விடுங்கள். பழகிய பாட்டில்தான் குறை தெரியும். கேட்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

3. விற்கும் பீஸில் மூன்று சோதனை போதும். இடது, வலது இரண்டும் சமமாகக் கேட்கிறதா? பின் அருகே ஒயரை லேசாக அசைத்தால் சத்தம் விட்டு விட்டு வருகிறதா? ஒரு போன் போட்டுப் பேசினால் எதிர்முனையில் குரல் தெளிவாக இருக்கிறதா?

4. ரப்பர் முனையை ஒவ்வொருவர் கேட்ட பிறகும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து வையுங்கள். கண்காட்சிகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள். காதில் வலி, சீழ் உள்ளவர் கேட்டுப் பார்க்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லலாம்.

5. மாட்டும் முன் சத்தத்தைக் குறைத்து வைத்து, பிறகு மெல்லக் கூட்டச் சொல்லுங்கள். முன்னால் கேட்டவர் முழுச் சத்தத்தில் விட்டுப் போயிருந்தால் அடுத்தவர் காதுக்குக் கேடு.

இந்தக் கடைசி விஷயம் நம் பகுதிக்கு மிகவும் வேண்டியது. வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபல் அளவுக்கு மேல் போகாமல் கேட்பதே பெரியவர்களுக்குப் பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எட்டு மணி நேரம் எந்திர இரைச்சலில் நின்றவர், வீடு திரும்பும் பஸ்ஸின் இரைச்சலை மீறிக் கேட்க சத்தத்தை மேலும் கூட்டுகிறார். காதில் சரியாகப் பொருந்தும் முனை வெளி இரைச்சலைத் தடுப்பதால் குறைந்த சத்தமே போதுமானதாகி விடும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு முனைகளில் பொருந்துவதைப் பார்த்துக் கொடுப்பது வியாபாரம் மட்டுமல்ல, வாடிக்கையாளருக்குச் செய்யும் உதவியும் ஆகும். வண்டி ஓட்டும்போது மாட்ட வேண்டாம் என்று லாரி ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்வதும் நம் கடமை.

பில்லும் முத்திரையும்

பாக்கெட்டில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலை, புகார் செய்யும் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். பருப்புப் பாக்கெட்டுக்கு உள்ள அதே 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள்தான் இதற்கும். கம்பியில்லா இயர்போன் என்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டு உண்மையா என்று பார்த்துக் கொள்ளலாம். ஹெட்போனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பெரிய கம்பெனிப் பெயரை ஒட்டிய போலிச் சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று பில் இல்லாமல் வாங்கினால், பிடிபடும்போது கடையில் நிற்பது நாம்தான், கொடுத்தவர் அல்ல.

கேட்டுவிட்டு வேறிடத்தில் வாங்கினால்?

நியாயமான கேள்வி. சிலர் அப்படிச் செய்யத்தான் செய்வார்கள். கண்காட்சியிலும் பலர் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். ஆனால் ரூ.160 பொருளுக்கு மூன்று நாள் காத்திருக்க ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிக்கு நேரமில்லை. கேட்டது பிடித்துவிட்டால் கையோடு வாங்கிக் கொள்வார். தவிர, "ஒரு வாரத்துக்குள் கோளாறு என்றால் மாற்றித் தருகிறேன்" என்று பில்லின் பின்னால் எழுதிக் கொடுக்கக்கூடியவர் தெருமுனைக் கடைக்காரர்தான். இதற்கு மொத்த வியாபாரிகளின் ஒத்துழைப்பு வேண்டும். பத்து பீஸ் கொண்ட கட்டுக்கு ஒரு மாதிரி பீஸும், ஒரு வார மாற்று உறுதியும் கொடுக்க மொத்த வியாபாரிகள் முன்வர வேண்டும். சில்லறை வியாபாரிகள் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். தனித்தனியாகக் கேட்டால் கிடைப்பது கடினம்.

வியாபார நிமித்தம் சிங்கப்பூர் செல்லும் நம் உறுப்பினர்கள், அந்த நாட்களில் இத்தகைய கண்காட்சி நடந்தால் அரை நாள் ஒதுக்கிப் பார்த்து வரலாம். நன்றாகப் பழகிய நான்கு பாட்டுகளைப் போனில் ஏற்றிக் கொண்டு, உருண்டைப் பின்னுக்கான மாற்று ஒயர் ஒன்றையும் கையில் கொண்டு செல்லுங்கள். பொருட்களின் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். வாங்க வராதவரையும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையில் பொருளைக் கொடுத்து, அவர் பேசும் வரை பொறுத்திருக்கும் அந்த விற்பனையாளரைப் பாருங்கள். அரிசிக்கும் புளிக்கும் நம் முன்னோர் கடைப்பிடித்த முறை அதுவே. அதனைக் கொக்கியில் தொங்கும் சரக்குக்கும் கொண்டு வருவோமாக.