மிரட்டும் மாணவன், ஆபத்தான மாணவன்

அமெரிக்க அதிபருக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சர்வீஸ், 1990களில் ஓர் ஆய்வு நடத்தியது. உளவியலாளர் ராபர்ட் ஃபெயினும் அதிகாரி பிரையன் வொசகிலும் தலைவர்களைத் தாக்கியவர்கள், தாக்க நெருங்கியவர்கள் என 83 பேரின் கதைகளைத் துருவினார்கள். அவர்களில் மிகச் சிலரே இலக்கானவரை முன்கூட்டி நேரடியாக மிரட்டியிருந்தார்கள். மிரட்டுவது வேறு, ஆபத்தாக இருப்பது வேறு என்ற தெளிவு அங்கே பிறந்தது.

1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் படுகொலை நடந்த பின், இதே முறையில் பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தார்கள். 37 சம்பவங்கள், தாக்கியவர்கள் 41 பேர். கல்வித் துறையோடு சேர்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கையில் பலரும் எதிர்பார்த்த ஒன்று இல்லை: 'இப்படிப்பட்ட பையன்தான் சுடுவான்' என்று சொல்லும் அடையாளம். நன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள், தோற்றவர்களும் இருந்தார்கள். தனியர்களும் இருந்தார்கள், நண்பர்கள் சூழ இருந்தவர்களும் இருந்தார்கள்.

அடையாளப் பட்டியல் உதவாது என்பதைக் கணக்கும் சொல்கிறது. 10 லட்சம் மாணவர்களில் ஒருவன் தாக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் சோதனை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. அப்படியும் அது சுமார் 10,000 அப்பாவிகளைக் கொலைகாரர் வரிசையில் நிறுத்திவிடும். அரிதான ஒன்றை முன்கூட்டிக் கணிக்கப் போனால் இதுதான் கதி.

ஆனால் அதே அறிக்கையில் நம்பிக்கை தரும் எண் ஒன்றும் இருந்தது. 81 விழுக்காடு சம்பவங்களில், நடக்கப்போவது குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் நண்பனோ, வகுப்புத் தோழனோ, உடன்பிறந்தவரோதான். திடீரென வெடித்ததாகத் தோன்றும் வன்முறை பல நாட்கள் யோசிக்கப்பட்டு, பேச்சில் கசிந்து, பிறகே நடந்திருக்கிறது. கசிவைக் கேட்கும் காது இருந்தால் குறுக்கிட நேரமும் இருக்கிறது.

அந்தக் காதைப் பழக்கும் வேலையை 2001இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டூயி கார்னெலும் குழுவினரும் தொடங்கினார்கள். பள்ளியின் நிர்வாகி, ஆலோசகர், உளவியலாளர், பள்ளிக்கான போலீஸ்காரர் ஆகியோர் ஒரே குழுவாகப் பயிற்சி பெறுவார்கள். மிரட்டிய மாணவனிடம் கேட்பவை எளிய கேள்விகள்: சரியாக என்ன சொன்னாய்? என்ன நினைத்துச் சொன்னாய்? அதைக் கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்? இனி என்ன செய்யப் போகிறாய்? சாட்சிகளிடமும் விசாரிப்பார்கள். கோபத்தில் வந்து, விளக்கமும் மன்னிப்புமாகத் தீர்ந்துபோகும் மிரட்டல் ஒரு வகை. திட்டம், ஆயுதம், கூட்டாளி எனத் தடயம் தெரிந்தால் அது வேறு வகை. இலக்கானவரை எச்சரித்து, பெற்றோரை அழைத்து, மனநல ஆய்வு வரை போவார்கள்.

35 பள்ளிகளில் நடந்த முதல் சோதனையில் 188 மிரட்டல்கள் இந்த முறையில் கையாளப்பட்டன. ஏறத்தாழ 70 விழுக்காடு முதல் வகையாகவே முடிந்தது. நீக்கப்பட்ட மாணவர்கள் மூவர் மட்டுமே. சின்ன மீறலுக்கும் குழந்தைகளை வெளியே அனுப்பிய காலத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம்! பின்னர் 40 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோதும், பயிற்சி பெற்ற பள்ளிகளில் மாணவர்களுக்கு ஆலோசனை அதிகம் கிடைத்தது, நீண்டகால இடைநீக்கம் குறைந்தது. 2013இல் வர்ஜீனியா மாநிலம் அரசுப் பள்ளிகளில் இத்தகைய குழுவைச் சட்டப்படி கட்டாயமாக்கியது.

விதி ஏட்டில் இருந்தால் போதாது என்பதை மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளி காட்டியது. 2021 நவம்பர் 30 காலை, ஒரு மாணவனின் கணக்குத் தாளில் துப்பாக்கிப் படமும் உதவி கேட்கும் வரிகளும் இருந்ததை ஆசிரியை கண்டு மேலே தெரிவித்தார். ஆலோசகர் பேசினார், பெற்றோர் வந்தார்கள். சில நாட்களுக்கு முன் துப்பாக்கி வாங்கியதை அவர்கள் சொல்லவில்லை. பையை யாரும் சோதிக்கவில்லை. அவன் வகுப்புக்குத் திரும்பினான். அன்று மதியம் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள்.

ஆசிரியையின் கண் சரியாகவே வேலை செய்தது. தகவல்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் பழக்கம்தான் அங்கே இல்லை. அதைப் பயிற்சியால் கொடுத்துவிடலாம், ஆளைக் கொடுக்க முடியாது. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் அதைவிட அதிகமானோரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.