டீமைத் தண்டிச்சா யாருக்கு வலிக்கும்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோட்ல யுவென்டஸ் கதையை அஞ்சு நிமிஷம் பேசிட்டு நகர்ந்துட்டேன். அதுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகளில் பாதி இத்தாலியைப் பற்றியே இல்லை. ஆவடியிலிருந்து ஒரு தம்பி: "அண்ணா, யுவென்டஸை கீழ இறக்கினது சரின்னா, சிஎஸ்கேவுக்கு ரெண்டு வருஷம் தடை போட்டதும் சரிதானே? அதுக்கு மட்டும் ஏன் நம்மாளுங்க கொதிக்கிறாங்க?" அம்பத்தூரிலிருந்து இன்னொருத்தர் நேர் எதிராகக் கேட்கிறார்: "யாரோ ஒருத்தர் பெட் கட்டினதுக்கு ஊரே ஏன் ரெண்டு வருஷம் மேட்ச் இல்லாம கிடக்கணும்?"

இது ஃபுட்பால் நிகழ்ச்சிதான், மறக்கல. ஆனா சென்னையில உட்கார்ந்துகொண்டு ஒரு கிளப்புக்குத் தண்டனை என்று பேச ஆரம்பித்தால், பேச்சு சேப்பாக்கம் வழியாகத்தான் போகும். அதனால முதல்ல அந்தக் கதையை ஒழுங்கா சொல்லிடறேன். 2013ல நாலாவது அஞ்சாவது படிச்சுட்டு இருந்தவங்க நிறைய பேர் கேட்கிறீங்க. உங்களுக்கு மீம் மட்டும்தான் தெரியும்.

2013 மே 16. ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூன்று பேரை டெல்லி போலீஸ் கைது செய்தது. ஸ்பாட் ஃபிக்ஸிங் வழக்கு. அடுத்த வாரம், மே 24, குருநாத் மெய்யப்பனை மும்பை போலீஸ் கைது செய்தது. அவர் மேல் இருந்தது பெட்டிங் புகார். இரண்டு நாள் கழித்து, மே 26, ஈடன் கார்டன்ஸில் சிஎஸ்கே இறுதிப் போட்டி ஆடியது, மும்பையிடம் தோற்றது. குருநாத்தின் மாமனார் என். சீனிவாசன். இந்தியா சிமென்ட்ஸும் அவர் கையில், அதன் வழியாக சிஎஸ்கேவும் அவர் கையில், பிசிசிஐ தலைவர் பதவியும் அவர் கையில். 'குருநாத் டீமோட ஓனர் இல்லை, கிரிக்கெட் ஆர்வலர்'னு ஒரு விளக்கம் வந்தது ஞாபகம் இருக்கா? உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் கமிட்டி அதை ஏற்கவில்லை. அவர் டீமின் அதிகாரிதான், பெட் கட்டினார் என்றது. அதே கமிட்டி இன்னொன்றும் சொன்னது: அவர் மேட்ச் ஃபிக்ஸிங்கில் ஈடுபட்டதற்கு ஆதாரம் இல்லை. இந்த இரண்டாவது பாதியை எதிர் டீம் ரசிகர்கள் சொல்வதே இல்லை. முதல் பாதியை நம்ம ரசிகர்கள் சொல்வதே இல்லை.

2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பிசிசிஐ நிர்வாகிகளே ஐபிஎல் டீம் வைத்துக்கொள்ள வழிவிட்ட விதித் திருத்தத்தை ரத்து செய்தது. தண்டனையை முடிவு செய்ய, முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் மூன்று பேர் கமிட்டியை அமைத்தது. 2015 ஜூலை 14 தீர்ப்பு. குருநாத்துக்கும் ராஜ் குந்த்ராவுக்கும் கிரிக்கெட்டில் ஆயுள் தடை. சிஎஸ்கே, ராஜஸ்தான் ரெண்டுக்கும் இரண்டு வருடம் தடை.

இப்ப இத்தாலி. தேதியைப் பாருங்க, அதுவும் ஜூலை 14தான். ஒன்பது வருடம் முன்னால், 2006. யுவென்டஸ் நிர்வாகி லூசியானோ மோஜி, நடுவர்களை யார் யார் எந்த மேட்சுக்குப் போகணும்னு முடிவு செய்பவர்களோடு போனில் பேசிய பேச்சுகள் மே மாதம் வெளியே வந்தன. ஜூலை 14ல் முதல் தீர்ப்பு. யுவென்டஸ் சீரி ஏயிலிருந்து சீரி பிக்கு இறக்கப்பட்டது. 2005 பட்டம் பறிபோனது, 2006 பட்டம் இன்டர் மிலனுக்குப் போனது. அடுத்த சீசனை மைனஸ் 30 புள்ளியில் தொடங்கணும்னு சொன்னார்கள். மேல்முறையீட்டில் அது 17 ஆகி, கடைசியில் 9 ஆனது.

ஜூலை 9ஆம் தேதி பெர்லினில் உலகக் கோப்பை தூக்கின பஃபோனும் டெல் பியரோவும், சரியாக இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 9ஆம் தேதி, ரிமினி என்ற கடலோர ஊரின் டீமோடு சீரி பி மேட்ச் ஆடினார்கள். 1-1. ஜெயிக்கக்கூட இல்லை. கன்னவாரோ ரியல் மாட்ரிட் போய்விட்டார், இப்ராஹிமோவிச் இன்டருக்கே போய்விட்டார், துராமும் ஸம்ப்ரோட்டாவும் பார்சிலோனா. அந்த சீசனிலேயே யுவென்டஸ் சீரி பியை ஜெயித்து மேலே வந்துவிட்டது. ஆனா அடுத்த லீக் பட்டத்துக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைத்தால்தான் ஆவடித் தம்பி கேள்விக்கு பதில் கிடைக்கும்.

யுவென்டஸ் ரசிகன் என்ன இழந்தான்? பெருமை, பட்டம், பாதி டீம். ஆனா வாரம் வந்தால் அவனுக்கு மேட்ச் இருந்தது. கருப்பு வெள்ளை ஜெர்சி இருந்தது. ரிமினிக்கு பஸ் பிடிச்சுப் போய் கத்த முடிந்தது. அவமானம் இருந்தாலும், அதைத் தன் டீமோடு சேர்ந்து அனுபவிக்க ஒரு இடம் கிடைத்தது.

சிஎஸ்கே ரசிகனுக்கு? 2016லும் 2017லும் சேப்பாக்கத்தில் ஒரு ஐபிஎல் மேட்ச்கூட இல்லை. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அது ஒரு சடங்கு மாதிரி. ஆவடியிலோ அம்பத்தூரிலோ லோக்கல் ஏறி, சென்ட்ரல்ல இறங்கி, ரோடு தாண்டி பார்க் டவுன்ல பறக்கும் ரயில் பிடிச்சு, சேப்பாக்கம் ஸ்டேஷன்ல மஞ்சள் கூட்டத்தோட கூட்டமா இறங்கறது. பூந்தமல்லிக்காரங்களுக்கு அப்போ ரயில் இல்லை, பஸ்ஸுல முக்கால்வாசி நகரத்தையும் சுத்திட்டுத்தான் போகணும், ஆனாலும் போவாங்க. அந்த ரெண்டு வருஷம் தோனி புனே ஜெர்சியில, ரெய்னா குஜராத் ஜெர்சியில. ரெண்டு டீமையும் சப்போர்ட் பண்ணலாமா, யாரையுமே பண்ணக் கூடாதான்னு டீக்கடையில நிஜமாவே சண்டை நடந்திருக்கு.

சரி, ஓனர் என்ன இழந்தார்? இங்கதான் விஷயம் இருக்கு. இரண்டு வருட வருமானம் போனது, அது சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கறேன். ஆனா டீம் அவர்களிடமே இருந்தது. 2010, 2011 பட்டங்களை யாரும் தொடவில்லை. 2018ல் திரும்பும்போது, 2015ல் சிஎஸ்கேவில் இருந்து 2017ல் புனேவிலோ குஜராத்திலோ ஆடியவர்களைத் தக்கவைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரும் ஏலத்துக்கே போகாமல் வீட்டுக்கு வந்தார்கள். பிராவோவும் டூ பிளெஸ்ஸியும் ஏலத்தின் வழியாக வந்தார்கள். யுவென்டஸிடம் 'இப்ராஹிமோவிச்சை ஒரு வருஷம் இன்டர்ல வெச்சிருக்கோம், மேல வந்ததும் வாங்கிக்கோ'ன்னு யாராவது சொன்னாங்களா?

மிச்சம் உங்களுக்கே தெரியும். காவிரிப் போராட்டத்தால் 2018 சீசனில் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச்தான் நடந்தது, மற்றது எல்லாம் புனேக்குப் போனது. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயிலே போனது. (புனேயில் முதல் மேட்ச் யாரோடு? ராஜஸ்தானோடு. தடையிலிருந்து வந்த ரெண்டு பேரும் ஊர் விட்டு ஊர் போய் மோதினாங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தப்போ சென்னையின் எஃப்சி செமிஃபைனலும் புனேக்குத்தான் போச்சு. புனேக்கும் நமக்கும் என்னமோ பந்தம்.) மே 27ல் வாட்சன் 117 அடித்துக் கோப்பை வந்தது. திரும்பி வந்த கதையை வைத்து 2019ல் ஆவணத் தொடரே வந்தது. தடை ஒரு தண்டனையாகத் தொடங்கி, விளம்பரமாக முடிந்தது. அந்த விளம்பரத்துக்குச் செலவு பண்ணினது ரசிகனோட ரெண்டு வருஷம்.

அப்ப லோதா கமிட்டி தப்பு பண்ணிட்டாங்களா? நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர்கள் கையில் வேறு என்ன இருந்தது என்று பாருங்கள். ஐபிஎல் ஒரு மூடிய லீக். கீழே டிவிஷனே கிடையாது. சிஎஸ்கேவை எங்கே இறக்குவது? ஒன்று, கொஞ்ச நாள் வெளியே நிறுத்தணும். இல்லை, ஒரேயடியாக ஒப்பந்தத்தை ரத்து செய்யணும். நடுவில் படியே இல்லை. புள்ளியைக் குறைக்கலாமே என்பீர்கள். ஒவ்வொரு வருஷமும் பூஜ்யத்தில் தொடங்கும், பதினாலு மேட்ச் லீகில், அது ஒரு சீசனோடு முடிந்துபோகும். அந்த சீசனையும் ரசிகன் டிக்கெட் வாங்கித்தான் பார்ப்பான்.

புள்ளிக் குறைப்பு எவ்வளவு லேசாக முடியும் என்பதற்கு அதே 2006ல ஏசி மிலன் இருக்கு. முடிந்த சீசனில் 30 புள்ளி வெட்டினார்கள், அடுத்த சீசனில் 8. அவ்வளவு வெட்டியும் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் இடம் கிடைத்தது. 2007 மே மாதம் ஏதென்ஸில் லிவர்பூலை ஜெயித்து அந்தக் கோப்பையையே தூக்கிவிட்டார்கள். தண்டனை முடிந்து ஒரு வருஷம்கூட ஆகலை!

"ரசிகனைப் பாதிக்கக் கூடாது" என்ற வாதத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. போன மாசம் பூந்தமல்லி பக்கம் ஒரு டர்ஃபில் நடந்த நைட் டோர்னமென்ட்டில் அதை நேரிலேயே பார்த்தேன். ஃபைவ்ஸ், 12 டீம். லீக் சுற்றில் ஒரு டீம் கடைசி பத்து நிமிஷத்தில் நாலு கோல் வாங்கியது. அந்த டீமிலேயே ரெண்டு பேர் எதிர் டீம் மேல் பணம் கட்டியிருந்தது மறுநாள் வெளியே வந்தது. மீதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. ஒருத்தன் காலேஜ் முடிச்சு வேலை தேடிக்கிட்டு இருக்கிற பையன், என்ட்ரி ஃபீஸில் தன் பங்கைக் கடன் வாங்கிக் கட்டினவன். "நான் என்ன பண்ணேன் ப்ரோ?" என்று கேட்டுக்கொண்டே நின்றான். டோர்னமென்ட் நடத்தினவர்கள் அந்த ரெண்டு பேரை வெளியே அனுப்பி, அந்த மேட்ச் புள்ளியை எதிர் டீமுக்கே விட்டு, மீதிப் பேரை ஆட விட்டார்கள். எனக்கு அப்போது நியாயமாகத்தான் பட்டது.

ஆனா அதே குரூப்பில் மூணாவதா வந்து வெளியே போன டீமோட கேப்டன் கேட்டான்: "எங்களுக்கு யாரு புள்ளி தருவா? தப்பு பண்ண டீம் உள்ள இருக்கு, பண்ணாத நாங்க வெளிய." அந்த நாலு கோல் வித்தியாசத்தில்தான் அவர்கள் மூன்றாவது இடத்துக்குப் போனார்கள். தண்டனை கொடுக்கும்போது தப்பு செய்த டீமின் அப்பாவிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். தோற்கடிக்கப்பட்ட டீமின் அப்பாவிகளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. 2005ல நடுவர் விசிலால் புள்ளி போச்சுன்னு நினைக்கிற சின்ன ஊர் ரசிகனுக்கு, யுவென்டஸ் ரசிகனின் கண்ணீர் மேல் ஏன் இரக்கம் வரணும்?

ஓனர்களுக்கும் இது நல்லாவே தெரியும். ரசிகர்களின் அன்பை முன்னால் நிறுத்தி, 'எங்க மேல கை வெச்சா இவங்க அழுவாங்க' என்று சொல்ல முடிகிற வரை, பெரிய கிளப்பைத் தொட எல்லோரும் யோசிப்பார்கள். சின்ன கிளப்புக்கு அந்தக் கேடயம் கிடையாது.

சின்ன கிளப் என்றதும் மிசோரம். நம்ம ஜெஜே பிறந்த மண். சென்னையினுக்கு ரெண்டு ஐஎஸ்எல் பட்டம் ஜெயிக்க உதவினவர். 2024ல் மிசோரம் கால்பந்து சங்கம் தன்னுடைய மிசோரம் பிரீமியர் லீகில் மேட்ச் ஃபிக்ஸிங் நடந்ததாகக் கண்டுபிடித்தது. யாரும் சுப்ரீம் கோர்ட் வரை போகவில்லை, ரெண்டு வருஷம் இழுக்கவில்லை. மூன்று கிளப், மூன்று நிர்வாகிகள், 24 வீரர்கள் மேல் நடவடிக்கை. வீரர்களில் ரெண்டு பேருக்கு ஆயுள் தடை, நாலு பேருக்கு அஞ்சு வருஷம், பத்துப் பேருக்கு மூணு வருஷம், எட்டுப் பேருக்கு ஒரு வருஷம். சிஃபிர் வெங்லூன் கிளப்புக்கு மூன்று வருடத் தடை, எஃப்சி பெத்லஹேமுக்கும் ராம்லூன் அத்லெட்டிக்குக்கும் ஒரு வருடம்.

அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொருத்தருக்கும் செய்ததற்கு ஏற்ற அளவு போட்டிருந்தது. கிளப்புக்குள் கிளப் வித்தியாசம், ஆளுக்குள் ஆள் வித்தியாசம். பிடிக்காதது, இவை பேட்டை பேரிலும் கிராமத்துப் பேரிலும் ஓடுகிற கிளப்புகள். அத்திப்பட்டுக்கு ஒரு டீம், பட்டாபிராமுக்கு ஒரு டீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூணு வருஷம் என்றால் பதினாறு வயசுப் பையன் பத்தொன்பது ஆகிவிடுவான். தோனிக்கு புனே கிடைத்தது மாதிரி அவனுக்கு இன்னொரு டீம் கிடைக்கணுமே.

அதனால எனக்குத் தோணுறதைச் சொல்லிடறேன், நீங்க திட்டலாம். கீழே டிவிஷன் இருக்கிற இடத்தில் இறக்குங்கள், யோசிக்கவே வேண்டாம். இல்லாத இடத்தில் டீமை நிறுத்துவதைவிட ஓனரை மாற்றுங்கள். குறிப்பிட்ட மாசத்துக்குள் விற்றே ஆகணும், விற்கும்வரை லாபத்தில் பங்கு கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2015ல் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்திருக்கும், பெட்டியில் பணம் வேறு கைக்குப் போயிருக்கும். எங்க எடிட்டர் இதுக்கு ஒத்துக்கவே மாட்டேங்கிறார். "ஓனர் மச்சானுக்கு வித்துட்டு பின்னால இருந்து நடத்துவான் பா" என்கிறார். அதுவும் நம்ம ஊர்ல நடக்காத விஷயம் இல்லை.

இது சென்னையின் ரசிகர்களுக்கு ஏதோ பழைய கிரிக்கெட் பஞ்சாயத்து இல்லை. 2023ல் இருந்து ஐ-லீக் ஜெயிக்கும் டீம் ஐஎஸ்எல்லுக்கு மேலே வர ஆரம்பித்தது. பஞ்சாப் வந்தது, முகமதன் வந்தது. ஆனா 2024-25 சீசன் வரை ஐஎஸ்எல்லிலிருந்து ஒருத்தரும் கீழே இறக்கப்படவில்லை. அதுவரை மேலே ஏற ஏணி இருந்தது, கீழே இறங்கத்தான் படி இல்லாமல் இருந்தது. அந்த நிலையில் ஒரு ஐஎஸ்எல் கிளப் நிர்வாகி மாட்டியிருந்தால், 2015ல் லோதா கமிட்டி நின்ற அதே இடத்தில்தான் ஃபுட்பாலும் வந்து நின்றிருக்கும்.

மான்செஸ்டர் சிட்டி 115 பற்றிக் கேட்டு ஏழு வாய்ஸ் நோட் வந்திருக்கு. அது மேட்ச் ஃபிக்ஸிங் இல்லை, கணக்கு வழக்கு சமாச்சாரம், அதுக்குத் தனி எபிசோட் வேணும். இதைப் பற்றி மட்டும் அனுப்புங்க: உங்க டர்ஃப் டீம்ல ரெண்டு பேர் பெட் கட்டி மாட்டினா, மீதி மூணு பேரை என்ன பண்ணுவீங்க? அந்த மூணாவது இடத்துக் கேப்டனும் இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறார், அதை மனசுல வெச்சுட்டு பேசுங்க.