வெளுத்ததெல்லாம் பூஞ்சை அல்ல

வண்ண மீனின் உடலில் பஞ்சு படர்ந்தால் கை நேராக மருந்துப் புட்டிக்குப் போகிறது. நோய் எது என்று பார்ப்பதும் தண்ணீரைச் சோதிப்பதும்தான் அதற்கு முன் செய்ய வேண்டியவை.

கொல்கத்தாவின் பாக்பஜார் பகுதியிலுள்ள காலிஃப் தெருவில் ஞாயிறு காலைகளில் நடக்க இடம் கிடைப்பது அரிது. பூச்செடிகளுக்கும் கூண்டுப் பறவைகளுக்கும் நடுவே, காற்றடைத்த பாலிதீன் பைகளில் கப்பி, மோலி, ஏஞ்சல், பொன்மீன் எல்லாம் விலைக்குத் தொங்குகின்றன. மும்பையின் குர்லாவிலும் சென்னையின் கொளத்தூரிலும் இதே காட்சிதான். மீன் வாங்கிப் போனவர்களில் சிலர் அடுத்த வாரமே கடைக்குத் திரும்பி வருகிறார்கள், முகத்தில் கவலையோடு. மீனின் வாயில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது, இரை எடுக்கவில்லை, மூலையில் ஒதுங்கி மேலும் கீழுமாகத் தத்தளிக்கிறது.

கடைக்காரரின் பதில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: பூஞ்சை. கூடவே ஒரு நீல நிறப் புட்டி, அல்லது மஞ்சள் நிறப் பொடி. வீட்டில் அதைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். இரண்டு நாளில் மீன் மிதக்கிறது. மருந்து போலி என்று கடைக்காரர்மீது பழி விழுகிறது. தொட்டியில் ஏதோ கோளாறு என்று கடைக்காரர் திருப்பிச் சொல்கிறார். மருந்து அசலாகவே இருந்திருக்கலாம். பிசகியது நோயின் பெயர்.

பஞ்சில் இரண்டு வகை

மீனின் மேல் பஞ்சுபோல வளர்வதில் முதலாவது, சாப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூசணம். பேச்சுவழக்கில் பூஞ்சை என்றாலும், உயிரியல் வகைப்பாட்டில் இது உண்மையான பூஞ்சை இனம் அல்ல. பாசிகளுக்கு நெருங்கிய இன்னொரு வம்சம். இதன் வித்துகள் எல்லா நன்னீரிலும் மிதக்கின்றன. ஆரோக்கியமான மீனின் மேல்தோலில் உள்ள வழவழப்புப் படலம் அவற்றை ஒட்ட விடுவதில்லை. வலை உரசியோ, வேறு மீன் கடித்தோ, குளிர் தாக்கியோ அந்தப் படலம் கிழியும்போது பூசணம் அங்கே வேர் பிடிக்கிறது. செத்துப்போன முட்டைகளிலும் முதலில் குடியேறுவது இதுதான்.

இரண்டாவதை 'வாய்ப் பூஞ்சை' என்றே பலரும் அழைக்கிறார்கள். ஆனால் பூஞ்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஃபிளேவோபாக்டீரியம் காலம்நேர் என்ற பாக்டீரியா. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மீன்களில் கண்ட இந்த நோயை 1922ஆம் ஆண்டு டேவிஸ் என்ற ஆய்வாளர் விவரித்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த நுண்கிருமிகள் தூண் தூணாகக் குவிந்து நிற்கும். 'காலம்னாரிஸ்' என்ற பெயர் வந்தது அதனால்தான்.

இரண்டையும் வெறும் கண்ணாலேயே ஓரளவு பிரித்தறியலாம். நீர்ப்பூசணம் நீண்ட இழைகளாக, உடலிலிருந்து எழும்பி நிற்கும். தண்ணீர் அசைந்தால் இழைகளும் அசையும். மீனை வெளியே எடுத்தால் அத்தனையும் படிந்து கொழகொழவென்று ஆகிவிடும். காலம்னாரிஸ் அப்படி எழும்பி நிற்பதில்லை. சாம்பல் வெள்ளையில், சில வேளை மஞ்சள் ஓடி, தோலோடு தட்டையாக ஒட்டியிருக்கும். விளிம்பில் சிவந்த வளையம் தெரியலாம். உதடுகளிலும் துடுப்புகளிலும் தொடங்குவது அதன் வழக்கம். முதுகின் குறுக்கே சேணம் போட்டதுபோல வெளிறிய பட்டை விழுவது இன்னொரு அடையாளம். செவுளைத் தாக்கினால் வெளியே எதுவும் தெரியாமலே மீன் மூச்சு வாங்கிச் சாகும்.

வேகத்திலும் வித்தியாசம் உண்டு. பூசணம் பல நாள் எடுத்துக்கொண்டு பரவும். காலம்னாரிஸ் கடுமையாக வந்தால் ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். வெப்பம் கூடக் கூட அதற்கு வேகமும் கூடுகிறது. பூசணத்தின் கதை நேர்மாறு. டெல்லியிலும் லக்னோவிலும் டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் சில்லிட்டுப் போகும்போதுதான் அதற்குக் கொண்டாட்டம். எனவே ஏப்ரல் வெயிலில், 30 டிகிரி செல்சியஸ் தண்ணீரில், ஒரு மோலியின் உதட்டில் திடீரென்று வெள்ளை படர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாக்டீரியாவைத்தான்.

குழப்பம் இத்தோடு முடிவதில்லை. உப்பைத் தூவியதுபோலத் தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் அது இக்தியோஃப்திரியஸ் என்ற ஒட்டுண்ணி. கடைகளில் 'இக்' என்றால் தெரியும். வெப்பத்தை மெல்ல மெல்லக் கூட்டுவது இக்கை ஒழிக்க உதவும் வழி. அதே வைத்தியத்தைக் காலம்னாரிஸ் கண்ட மீனுக்குச் செய்தால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான். இன்னொரு வேடிக்கை: இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பொன்மீனின் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பிலும் வெண்புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். அது நோயே இல்லை. அதற்கும் மருந்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே அழுகும் நோய்

பாக்டீரியா நோய்களில் பெரும்பான்மை பஞ்சு வடிவில் வருவதில்லை. துடுப்பின் ஓரம் வெளுத்து, கிழிந்து, நாளுக்கு நாள் குட்டையாகிறதா? துடுப்பு அழுகல். உடலில் சிவந்த திட்டுகளும் குழிப்புண்களும் வருகின்றனவா? ஏரோமோனாஸ் வகைக் கிருமிகளின் கைவரிசையாக இருக்கலாம். வயிறு ஊதி, செதில்கள் பலாக்காய் முள்போல விறைத்து நிற்கின்றனவா? அதற்கு நீர்க்கோவை என்று பெயர். நீர்க்கோவை தனி நோய் அல்ல; உள்ளுறுப்புகள் பழுதாகி, உடல் நீரை வெளியேற்ற முடியாமல் போனதன் அறிகுறி. செதில் விறைத்த பிறகு பிழைக்கும் மீன்கள் குறைவு.

இந்தக் கிருமிகளில் பலவும் நல்ல தொட்டியிலும் இருப்பவைதான். பிறகு ஏன் ஒரு தொட்டியில் மட்டும் நோய் வெடிக்கிறது? விடை தண்ணீரில் இருக்கிறது.

மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாக மாறுகின்றன. அது செவுளை அரிக்கும் நஞ்சு. வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்தப் படை உருவாகக் கிட்டத்தட்ட 4 முதல் 6 வாரம் ஆகும். ஆனால் நம் வீடுகளில் காலையில் தொட்டி வாங்கி, மாலையில் ஒரு டஜன் மீனை விட்டுவிடுகிறோம். மாதம் ஒருமுறை எல்லாத் தண்ணீரையும் கொட்டி, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிகிறோம். குழாய் நீரிலுள்ள குளோரின் அந்த நல்ல படையைக் கொன்றுவிடுகிறது. கோடையில் மின்வெட்டு வந்தால் ஏர் பம்ப் நின்று ஆக்ஸிஜன் குறைகிறது. இத்தனைக்கும் பிறகு மீனின் எதிர்ப்புச் சக்தி சரிந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பயணமும் ஒரு காரணம். மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டக் குளங்களில் வளரும் மீன், பையில் அடைபட்டு, விமானத்திலோ ரயிலிலோ வேறு மாநிலத்துக்குப் போய், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று இரண்டு மூன்று கை மாறிய பிறகே வீட்டுக்கு வருகிறது. பையில் அம்மோனியா சேர்கிறது, உடல் உரசுகிறது. நோயின் அறிகுறி வெளிப்படுவதோ வாங்கிய சில நாள் கழித்து. அதற்குள் பழைய மீன்களுக்கும் தொற்றியிருக்கும். புதிய மீனை இரண்டு முதல் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்திருப்பதும், பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் இருப்பதும் காசு செலவில்லாத காப்பீடு.

முதலில் தண்ணீர், பிறகு மருந்து

நோய் கண்ட மீனுக்குச் செய்ய வேண்டியது என்ன? முதல் வேலை, மீனை 20 லிட்டர் கொள்ளும் ஒரு சாதாரணத் தொட்டிக்கு மாற்றுவது. கூழாங்கல், செடி எதுவும் வேண்டாம். ஏர் பம்ப்பும் பஞ்சு வடிகட்டியும் போதும். இரண்டாவது, பெரிய தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை மாற்றுவது. ஊற்றும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. புகைப்படக்காரர்கள் ஒரு காலத்தில் 'ஹைப்போ' என்று பயன்படுத்திய சோடியம் தயோசல்பேட் குளோரினை உடனே முறிக்கும்.

மூன்றாவது, உப்பு. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல்லுப்பைத் தனியே கரைத்து, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். 20 லிட்டருக்கு 20 முதல் 60 கிராம் ஆகும். இது பூசணத்தையும் தடுக்கும், காலம்னாரிஸ் கிருமிக்கும் ஆகாது. மீனின் உடல்நீர்ச் சமநிலைக்கும் உதவும். கோரிடோரஸ் போன்ற செதிலற்ற மீன்களுக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டும். தொடக்க நிலைத் துடுப்பு அழுகல், சுத்தமான தண்ணீரும் உப்பும் கிடைத்தாலே பல நேரம் ஆறிவிடுகிறது.

இதற்கும் பூசணம் அடங்காவிட்டால் மெதிலின் புளூ கைகொடுக்கும். முட்டைகளைக் காக்கவும் பண்ணைக்காரர்கள் நம்புவது இதைத்தான். ஆனால் இதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் வடிகட்டியின் நல்ல பாக்டீரியாக்களும் போய்விடும். மாலகைட் கிரீன் இன்னும் வலுவானது. புற்றுநோய் ஐயத்தால் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் உணவு மீன்களில் அதைத் தடை செய்துள்ளன. கையாளும்போது கையுறை கட்டாயம். எந்த மருந்து போட்டாலும் வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மருந்தைக் கரி குடித்துவிடும்.

காலம்னாரிஸ் முற்றினாலோ, புண்கள் ஆழமானாலோ ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது பலருக்குப் பழக்கம். கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மீனுக்குப் போய்ச் சேர்வது சொற்பம். ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றும் நகரங்களில் இது கிட்டத்தட்ட வீண் செலவு. மீன் இன்னும் சாப்பிடுகிறது என்றால் இரையில் கலந்து கொடுப்பதே பலன் தரும். அதன் அளவையும் நாள் கணக்கையும் கால்நடை மருத்துவரோ மீன்வளக் கல்லூரி வல்லுநரோ சொல்ல வேண்டும்.

அரைகுறை அளவில் போடும் மருந்து கிருமியைக் கொல்வதில்லை, பழக்கப்படுத்துகிறது. அந்தத் தண்ணீர் போவதோ சாக்கடைக்கு. இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்ட நைட்ரோஃபியூரான் வகை மருந்துகள் வண்ண மீன் கடைகளில் மஞ்சள் பொடியாகக் கிடைப்பது இந்தத் துறையின் முரண்பாடு. சாப்பிடாத மீன்தானே என்ற அலட்சியத்துக்கு விலை உண்டு. ஏரோமோனாஸ் மனிதரின் புண்களிலும் தொற்றக்கூடிய கிருமி.

கைக்கும் ஆபத்து

அதைவிடக் கவனிக்க வேண்டியது மைக்கோபாக்டீரியம் மரினம். காசநோய்க் கிருமியின் உறவினர். இதை 1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இது தொற்றிய மீன் இரை எடுத்தும் மெலியும், முதுகு வளையும். நம்பகமான வைத்தியம் இல்லை. கையில் கீறலோடு தொட்டியைக் கழுவுபவருக்கும் இது தொற்றலாம். சில வாரம் கழித்து விரலிலோ முழங்கையிலோ ஆறாத கட்டிகள் வரும். குணமாக மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். வீட்டில் மீன் தொட்டி இருப்பதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், நோயைக் கண்டுபிடிப்பதே தாமதமாகும். கையில் காயம் இருந்தால் கையுறை அணிவது நல்லது. குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுவது அதைவிட நல்லது.

தொட்டி நோய் தொட்டியோடு நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அஃபனோமைசிஸ் என்ற இன்னொரு நீர்ப்பூசணம் உண்டாக்கும் புண்நோய் 1988இல் வடகிழக்கு மாநிலங்களுக்குள் நுழைந்து, விரால், கெண்டை வகைகளைத் தாக்கி, நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. புவனேஸ்வரிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் அதற்காகவே 'சிஃபாக்ஸ்' என்ற மருந்தை உருவாக்க வேண்டிவந்தது. நோயுற்ற மீனை ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுவது கருணை அல்ல.

கண்காணிப்பு ஓரளவு முன்னேறியிருக்கிறது. நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2013இல் தொடங்கியது. மீன் பண்ணையாளர்கள் நோயைக் கைப்பேசியிலேயே தெரிவிக்க 2023இல் ஒரு செயலியும் வெளியானது. ஆனால் வீட்டுக் கூடத்தில் தொட்டி வைத்திருப்பவருக்கு இன்றும் முதல் மருத்துவர் கடைக்காரர்தான். அவருடைய அலமாரியில் நீலப் புட்டிக்கும் மஞ்சள் பொடிக்கும் முன்வரிசை. அம்மோனியாவைச் சோதிக்கும் குப்பியைக் கேட்டால், இருக்கிறதா என்று உள்ளே போய்த் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மீன் வாங்குபவர்கள் அதைக் கேட்கத் தொடங்கினால், அதுவும் முன்வரிசைக்கு வந்துவிடும்.